ஹைப்ரிட் காரில் எதை நாமே செய்யலாம், எதைத் தொடக்கூடாது

நீங்கள் கேட்டது இதுதான்: வாரண்டி முடிந்த பழைய ஹைப்ரிட் கார் (பெட்ரோல் என்ஜினும் மின்சார மோட்டாரும் சேர்ந்து ஓட்டுவது) ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். முன்பு வைத்திருந்த பெட்ரோல் காருக்கு ஆயில், ஃபில்டர், பிளக், பிரேக் பேட் எல்லாம் நீங்களே மாற்றிப் பழகியவர். இப்போது சுற்றியிருப்பவர்கள் “இதில் கை வைத்தால் ஷாக் அடிக்கும், கம்பெனி ஒர்க்‌ஷாப்பைத் தவிர யாரும் தொடக்கூடாது” என்கிறார்கள். அது உண்மையா?

பாதி உண்மை. தொடவே கூடாத இடங்கள் இருக்கின்றன. ஆனால் வழக்கமான பராமரிப்பு வேலைகள் எவையும் கிட்டத்தட்ட அந்தப் பக்கமே போவதில்லை. சொல்லப்போனால் செய்ய வேண்டிய வேலை சாதாரண காரைவிடக் குறைவு. டொயோட்டா வகை ஹைப்ரிட்களில் தனி ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் கிடையாது. கிளட்ச் தேய்வதில்லை. பவர் ஸ்டீயரிங் மின்சாரத்தில் ஓடுவதால் அதற்கு ஆயில் ஊற்ற வேண்டியதில்லை. 2010 மாடலாக வந்த மூன்றாம் தலைமுறை பிரியஸில் என்ஜினுக்கு வெளியே ஒரு பெல்ட்கூட இல்லை. ஆனால் சாதாரண காரில் இல்லாத நாலைந்து கவனங்கள் இதில் உண்டு. அவற்றை யாரும் சொல்லித் தருவதில்லை. பழைய ஹைப்ரிட்கள் பெரிய செலவு வைப்பதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். இந்தப் பதிலில் அவற்றுக்கே அதிக இடம் தருகிறேன்.

முதலில் மின்சாரம். மூன்றாம் தலைமுறை பிரியஸை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அதன் பெரிய பேட்டரியில் 7.2 வோல்ட் மாட்யூல்கள் 28 வரிசையாக இணைக்கப்பட்டிருக்கின்றன, மொத்தம் 201.6 வோல்ட். இன்வெர்ட்டர் அதை 650 வோல்ட் வரை உயர்த்தி மோட்டாருக்குத் தருகிறது. ஆளைக் கொல்லக்கூடிய மின்னழுத்தம்தான், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் அந்தச் சுற்று காரின் பாடியோடு எங்குமே சேர்வதில்லை. 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவ் பாடியில் இணைந்திருக்கும். பெரிய பேட்டரியின் இரண்டு முனைகளும் பாடியிலிருந்து தனித்தே இருக்கும். காரை அணைத்தவுடன் பேட்டரிப் பெட்டிக்குள் இருக்கும் மெயின் ரிலேக்கள் (மின்சார சுவிட்சுகள்) திறந்து இணைப்பைத் துண்டிக்கும், பெட்டிக்கு வெளியே மின்சாரம் வராது. அந்த மின்சாரம் போகும் வயர்கள் எல்லாவற்றுக்கும் ஆரஞ்சு நிற உறை போட்டிருப்பார்கள். எனவே பானெட்டைத் திறந்ததுமே ஷாக் அடிக்கும் என்ற பயம் தேவையில்லை.

உங்களுக்கான விதி எளிமையானது. ஆரஞ்சு நிற வயர், அது போய்ச் சேரும் பெட்டி, அதன் கனெக்டர் எதையும் கழற்றக்கூடாது. பெரிய பேட்டரிக்குப் பக்கத்தில் கைப்பிடி போன்ற ஆரஞ்சு நிற சர்வீஸ் பிளக் ஒன்று இருக்கும். உயர் மின்னழுத்த வேலை செய்பவர்கள் அதைப் பிடுங்கிவிட்டு, இன்வெர்ட்டருக்குள் இருக்கும் கெபாசிட்டர்களில் மிச்சமிருக்கும் சார்ஜ் இறங்க 10 நிமிடம் காத்திருந்து, 1000 வோல்ட்டுக்குத் தகுதி பெற்ற கிளாஸ் 0 ரப்பர் கையுறை போட்டு, மீட்டரில் அளந்து உறுதி செய்த பிறகுதான் உள்ளே கை விடுவார்கள். இதற்கென்று பயிற்சி இருக்கிறது. வழக்கமான பராமரிப்பில் ஒரு வேலைக்குக்கூட அந்தப் பிளக்கைப் பிடுங்க வேண்டிய தேவை வராது. பிடுங்கலாமா என்று யோசிக்கிற நிலை வந்துவிட்டால், அது வீட்டில் செய்கிற வேலை இல்லை என்று அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

என்னைக் கேட்டால், வீட்டில் வேலை செய்பவருக்கு ஆரஞ்சு வயரைவிடப் பெரிய ஆபத்து ‘ரெடி’ விளக்கு. மீட்டரில் அது எரிந்தால் கார் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். என்ஜின் சத்தம் வரவில்லை என்பதை நம்பி அடியில் படுக்கக்கூடாது. பேட்டரி சார்ஜ் கொஞ்சம் குறைந்தாலும், ஏசி ஓடினாலும், கூலன்ட் ஆறினாலும் என்ஜின் தானாக எழுந்துகொள்ளும். அந்த நேரத்தில் உங்கள் கை பெல்ட்டுக்குப் பக்கத்தில் இருந்தாலோ, ஆயிலை முழுக்க வடித்துவிட்டிருந்தாலோ என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அதனால் எந்த வேலைக்கும் முன்னால் காரை அணையுங்கள், ரெடி விளக்கு அணைந்ததைக் கண்ணால் பாருங்கள், சாவியை வீட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள். ஸ்மார்ட் கீ சட்டைப் பையில் இருக்கும்போது வேறு யாராவது வந்து பட்டனை அழுத்தினால்கூட கார் எழுந்துவிடும். மூடிய ஷெட்டுக்குள் காரை ரெடியில் விட்டுவிட்டுப் போவதும் அதே அளவு ஆபத்து. சத்தமில்லாமல் நிற்கிற கார் திடீரென்று என்ஜினை ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு சேர்ந்துவிடும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது.

சரி, வேலைக்கு வருவோம். ஆயில் மாற்றுவது நீங்கள் ஏற்கெனவே செய்து பழகிய அதே வேலைதான். டிரெயின் போல்ட், புது வாஷர், ஃபில்டர், அவ்வளவுதான். மூன்றாம் தலைமுறை பிரியஸின் 1.8 லிட்டர் என்ஜினுக்கு ஃபில்டரோடு சேர்த்து 4.2 லிட்டர் ஆயில். டிரெயின் போல்ட்டுக்கு 37 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். ஆயில் டப்பாவில் எழுதியிருக்கும் தடிமனில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஹைப்ரிட் என்ஜின்களுக்குப் பெரும்பாலும் 0டபிள்யூ-20, புதிய மாடல்கள் சிலவற்றுக்கு 0டபிள்யூ-16 சொல்லியிருப்பார்கள். என்ஜின் ஒரே பயணத்தில் பல தடவை நின்று நின்று எழுவதால், எழுந்த உடனே ஓடிப்போய்ச் சேருகிற மெல்லிய ஆயில் தேவை. பழைய காரில் மிச்சமிருந்த 20டபிள்யூ-50 டப்பாவை இதில் ஊற்ற வேண்டாம்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை என்பதை உங்கள் காரின் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். கிலோமீட்டரோடு மாதக் கணக்கும் போட்டிருப்பார்கள், ஹைப்ரிட்டில் அந்த மாதக் கணக்குதான் முக்கியம். தினமும் நாலைந்து கிலோமீட்டர் மட்டும் ஓடும் கார் என்றால் என்ஜின் ஒரு தடவைகூட முழுச் சூட்டுக்கு வராது. எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் கலக்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறைவதற்குப் பதில் ஏறியிருந்தாலோ, முகர்ந்தால் பெட்ரோல் வாடை வந்தாலோ கிலோமீட்டரைப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். வாரத்துக்கு ஒரு முறையாவது அரை மணி நேரத்துக்குக் குறையாமல் நெடுஞ்சாலையில் ஓட்டினால் இந்தத் தொந்தரவு பெரும்பாலும் வராது.

வெளியிலிருந்து சார்ஜ் போடும் பிளக்-இன் ஹைப்ரிட்டில் இந்தப் பிரச்சினை இன்னும் அதிகம். மாதக்கணக்கில் என்ஜினே ஓடாமல் டேங்கில் பெட்ரோல் கிடந்து கெட்டுப்போகும். ஷெவர்லே வோல்ட் காரில் இதற்கே ஒரு ஏற்பாடு உண்டு. ஏறத்தாழ ஆறு வாரம் என்ஜின் ஓடாமல் இருந்தால் அதுவே சில நிமிடம் ஓட்டச் சொல்லும். டேங்கில் இருக்கும் பெட்ரோல் ஒரு வருடப் பழையதானால் அதைத் தீர்க்கச் சொல்லும். உங்கள் காரில் அப்படி எதுவும் இல்லை என்றால் டேங்கை நிரப்பி வைக்காமல் குறைவாகவே போட்டு ஓட்டுங்கள்.

ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர், வைப்பர், பல்புகள் பற்றித் தனியாகச் சொல்ல எதுவும் இல்லை. நீங்கள் அறிந்தபடியே செய்யலாம். ஸ்பார்க் பிளக் பொதுவாக இரிடியம், 1 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியும் தாங்கும். மாற்றும்போது என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் இன்வெர்ட்டர் பெட்டியின் மேல் முழங்கையை ஊன்றி வேலை செய்யாதீர்கள்.

இப்போது ஹைப்ரிட்டுக்கே உரிய கவனங்கள். முதலாவது, எல்லோரும் மறந்துவிடுகிற அந்தச் சின்ன 12 வோல்ட் பேட்டரி. பெரிய பேட்டரி இருக்கும்போது இது எதற்கு என்று தோன்றும். கம்ப்யூட்டர்கள் விழிப்பதும், நான் சொன்ன மெயின் ரிலேக்கள் மூடுவதும் இந்த 12 வோல்ட்டில்தான். இது இறந்துவிட்டால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் கார் அசையாது. டொயோட்டா வகைக் கார்களில் இது என்ஜினைச் சுற்ற வேண்டியதில்லை என்பதால், பலவீனமானதே வெளியே தெரியாது. சாதாரண காரில் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றும், அதிலேயே பேட்டரியின் நிலை தெரிந்துவிடும். ஹைப்ரிட்டில் அப்படி ஒரு முன்னறிவிப்பே கிடையாது. அதற்குப் பதில் சம்பந்தமில்லாத எச்சரிக்கை விளக்குகள் எரியும், கதவு சரியாகத் திறக்காது, கடிகாரம் ரீசெட் ஆகும், சில சமயம் ஹைப்ரிட் சிஸ்டத்தையே சோதிக்கச் சொல்லும். இந்த அறிகுறிகளைப் பார்த்துப் பெரிய பேட்டரி போய்விட்டது என்று முடிவு கட்டி, அதற்கே விலை பேசும் அளவுக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து முதலில் 12 வோல்ட்டைப் பாருங்கள்.

ஒரு மல்டிமீட்டர் போதும். கார் சில மணி நேரம் அணைந்து கிடந்த பிறகு அளந்தால் 12.6 வோல்ட் சுற்றி இருக்க வேண்டும். 12.2-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் போட்டு மறுபடி அளக்க வேண்டும். சார்ஜ் போட்டும் மறுநாள் 12-க்கு வந்துவிட்டால் அதன் காலம் முடிந்தது. பிறகு காரை ரெடியில் வைத்து அளந்தால் 14 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். இதைச் சார்ஜ் செய்யும் வேலையை ஆல்டர்னேட்டருக்குப் பதிலாக டிசி-டிசி கன்வெர்ட்டர் செய்கிறது.

மாற்றும்போது கண்ட பேட்டரியைப் போடாதீர்கள். பல ஹைப்ரிட்களில் இது டிக்கியிலோ பின் சீட்டுக்கு அடியிலோ, அதாவது ஆட்கள் உட்காரும் அறைக்குள்ளேயே இருக்கும். அதனால் ஆசிட் கசியாத ஏஜிஎம் வகை பேட்டரியும், அதிலிருந்து வெளியே போகும் ஒரு சின்ன வாயுக் குழாயும் வைத்திருப்பார்கள். புதுப் பேட்டரி போடும்போது அந்தக் குழாயை மறக்காமல் மாட்டுங்கள். சார்ஜரும் ஏஜிஎம் வகைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ஹுண்டாய் ஐயோனிக் ஹைப்ரிட் போன்ற சிலவற்றில் 12 வோல்ட்டும் லித்தியம் வகை, பெரிய பேட்டரியோடு சேர்ந்தே இருக்கும். அதில் டேஷ்போர்டில் ரீசெட் பட்டன் ஒன்று உண்டு. அந்த மாதிரி கார் என்றால் கையேட்டைப் படிக்காமல் எதையும் இணைக்காதீர்கள்.

ஜம்ப் ஸ்டார்ட் விஷயமும் இதிலேயே அடங்கும். டிக்கியில் பேட்டரி இருக்கும் கார்களில், டிக்கியின் பூட்டும் மின்சாரம் என்றால், பேட்டரி இறந்தபின் டிக்கியைத் திறக்க முடியாது. அதற்காகவே பானெட்டுக்கு அடியில் ஃபியூஸ் பெட்டிக்குள் ஒரு ஜம்ப் முனை வைத்திருப்பார்கள். அது எங்கே இருக்கிறது என்பதை இன்றைக்கே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பிளஸ் மைனஸ் மாறிப்போனால் ஃபியூஸ், டிசி-டிசி கன்வெர்ட்டர், கம்ப்யூட்டர் எது வேண்டுமானாலும் போகலாம். அப்புறம், இரக்கப்பட்டு உங்கள் ஹைப்ரிட்டிலிருந்து இன்னொரு காரை ஜம்ப் செய்து கொடுக்காதீர்கள். இன்னொரு காரின் ஸ்டார்ட்டர் இழுக்கிற மின்சாரத்தைக் கொடுக்க அந்தச் சின்னப் பேட்டரியும் வயர்களும் செய்யப்படவில்லை.

இரண்டாவது, பெரிய பேட்டரி மூச்சு விடும் வழி. காற்றால் குளிரும் பேட்டரி உள்ள கார்களில் பின் சீட்டின் பக்கவாட்டிலோ அடியிலோ ஒரு கிரில் இருக்கும். காருக்குள் இருக்கும் காற்றை ஒரு ஃபேன் அதன் வழியாக இழுத்துப் பேட்டரி மேல் செலுத்தும். தூசி, துணி நூல், வளர்ப்பு விலங்குகளின் முடி எல்லாம் அதே வழியாகத்தான் உள்ளே போகும். ஃபேன் இறக்கைகளில் கம்பளி போல ஒட்டிக்கொண்டு காற்று குறையும். பேட்டரியின் ஆயுளைத் தின்பது சூடுதான். நடுவில் இருக்கும் மாட்யூல்கள் அதிகம் சூடாகி முதலில் பலவீனமாகும். ஒன்று போனாலும் கார் ‘பி0ஏ80’ என்ற பிழைக் குறியீட்டை (கோடு) காட்டிப் பேட்டரியையே மாற்றச் சொல்லும். இத்தனைக்கும் ஆரம்பம் ஒரு கைப்பிடித் தூசியாக இருக்கலாம்.

ஆகவே ஆயில் மாற்றும் போதெல்லாம் வாக்குவம் கிளீனரை எடுத்து அந்த கிரில்லைச் சுத்தம் செய்யுங்கள். ஃபில்டர் வைத்த மாடல் என்றால் கழற்றித் தட்டி, மோசமாக இருந்தால் புதிது போடுங்கள். ஏர் கம்ப்ரசரால் கிரில்லுக்குள் ஊதவே ஊதாதீர்கள், தூசி இன்னும் உள்ளே போய் ஃபேனில் உட்காரும். அந்த கிரில்லை மறைத்துப் பை, போர்வை, குழந்தை சீட் உறை எதையும் வைக்க வேண்டாம். சீட் கவர் போட்டுத் தருபவர்கள் அதை மூடித் தைத்துவிடுவதும் நடக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் நின்ற காரை எடுக்கும்போது முதலில் ஏசி போட்டு உள்ளே குளிர்விப்பது உங்களுக்கு மட்டுமல்ல, பேட்டரிக்கும் நல்லது. அது இழுப்பதும் அதே காற்றைத்தான். ஃபேனையே கழற்றிக் கழுவ வேண்டிய நிலை வந்திருந்தால் பேட்டரிப் பெட்டியை ஒட்டிய வேலை என்பதால் அதைத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

மூன்றாவது கூலன்ட். உங்கள் காரில் இரண்டு தனித்தனி கூலன்ட் சுற்றுகள் இருக்க வாய்ப்பு அதிகம். ஒன்று என்ஜினுக்கு, இன்னொன்று இன்வெர்ட்டருக்கு. பானெட்டைத் திறந்தால் இரண்டு டேங்குகள் தெரியும். இன்வெர்ட்டர் டேங்கைப் பலர் பார்ப்பதே இல்லை. டொயோட்டாவின் இளஞ்சிவப்பு நிற சூப்பர் லாங் லைஃப் கூலன்ட்டுக்குச் சொல்லப்படும் கணக்கு, என்ஜினில் முதல் மாற்றம் 1,60,000 கிலோமீட்டர், இன்வெர்ட்டரில் 2,40,000 கிலோமீட்டர், அதன்பின் இரண்டிலும் 80,000-க்கு ஒரு தடவை. நீங்கள் பழைய கார் வாங்கியிருப்பதால் முன்னால் வைத்திருந்தவர் மாற்றினாரா என்பதற்கு ரசீது இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மட்டம் குறைந்திருந்தால் குழாய்த் தண்ணீர் ஊற்றக்கூடாது, வேறு நிறக் கூலன்ட்டைக் கலக்கவும் கூடாது.

வடித்து நிரப்புவது வீட்டில் செய்யக்கூடிய வேலைதான், ஆனால் காற்று வெளியேற்றுவதில் பொறுமை வேண்டும். இன்வெர்ட்டர் சுற்றில் காற்றுக் குமிழி நின்றுவிட்டால் பம்ப் வெறுமனே சுற்றும், இன்வெர்ட்டர் சூடேறி ‘பி0ஏ93’ கோடு வரும். உங்கள் மாடலுக்கான காற்று நீக்கும் முறையை சர்வீஸ் புத்தகத்தில் படித்துவிட்டு இறங்குங்கள். இரண்டாம் தலைமுறை பிரியஸில் பம்பைச் சோதிக்க ஒரு சுலப வழி இருக்கிறது: காரை ரெடியில் வைத்து, இன்வெர்ட்டர் டேங்கின் மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே கூலன்ட் சுழன்று கலங்குவது தெரிய வேண்டும். குளம் மாதிரி அசையாமல் நின்றால் பம்ப் வேலை செய்யவில்லை. அதே காரில், சில நாடுகளுக்கென்று செய்த மாடல்களில், சூடான கூலன்ட்டைச் சேமித்து வைக்கும் தெர்மாஸ் போன்ற ஒரு டேங்க் உண்டு. கார் நின்று நாள் கணக்கானாலும் அதில் இருப்பது சூடாகவே இருக்கும். என்ஜின் ஆறிவிட்டது என்று நம்பி அதன் குழாயைக் கழற்றினால் கை வெந்துவிடும்.

கியர் பெட்டி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டொயோட்டாவின் இ-சிவிடி-யில் பெல்ட், கிளட்ச் எதுவும் இல்லாமல் இரண்டு மோட்டார்-ஜெனரேட்டர்களும் கிரகப் பற்சக்கரமும்தான் இருக்கின்றன. தயாரிப்பாளர் ஆயிலைச் சோதித்தால் போதும் என்கிறார். ஆனால் அந்த ஆயில் மோட்டார் சுருள்களையும் குளிர்விக்கிறது என்பதால் 1 லட்சம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்றுவதே என் பழக்கம். நான்கு லிட்டருக்குள் அடங்கும், வடித்து ஊற்றுவதும் எளிது. டபிள்யூஎஸ் வகை ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்) தவிர வேறு எதுவும் வேண்டாம். நிரப்பும் போல்ட் கழல்கிறதா என்று முதலில் பாருங்கள், அப்புறம்தான் வடிக்கும் போல்ட்டைத் தொட வேண்டும். வடித்த பிறகு மேல் போல்ட் கழலவில்லை என்றால் கார் அங்கேயே நிற்கும். சமதளத்தில் நிறுத்தி, நிரப்பும் துளையில் ஆயில் வழிகிற வரை ஊற்றினால் அளவு சரியாகிவிடும்.

நான்காவது பிரேக். இங்கேதான் கொஞ்சம் நிதானமாக இருக்கச் சொல்வேன். ஹைப்ரிட்டில் பிரேக்கை மிதிக்கும்போது பெரும்பாலான வேகத்தை மோட்டார் தின்று மின்சாரமாக மாற்றிவிடுகிறது. பேட்கள் கடைசி சில கிலோமீட்டர் வேகத்திலும் அவசர பிரேக்கிலும்தான் அழுத்தமாக உரசுகின்றன. அதனால் பேட் லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் தடிமனாக இருப்பதைப் பார்க்கலாம். மகிழ்ச்சியான விஷயம்தான், ஆனால் உபயோகமில்லாமல் கிடப்பதும் ஒரு கேடு. டிஸ்க்கில் துரு ஏறும், காலிப்பரின் ஸ்லைடு பின் காய்ந்து இறுகும், ஒரு பக்கப் பேட் மட்டும் தேயும். பேட்டின் தடிமனை மட்டும் பார்த்து ‘நல்லா இருக்கு’ என்று விட்டுவிட்டால் இது தெரியாது.

வருடத்துக்கு ஒரு தடவை சக்கரத்தைக் கழற்றி, பேட் இரு பக்கமும் சமமாக இருக்கிறதா, ஸ்லைடு பின் விரலால் தள்ளினால் நகர்கிறதா என்று பார்த்து, ரப்பரைக் கெடுக்காத சிலிக்கான் கிரீஸ் போடுங்கள். வீட்டு வேலைகளில் இதற்கு ஈடான பலன் தருவது வேறில்லை என்பேன். டிஸ்க்கில் மேலோட்டமான துரு என்றால், பின்னால் வண்டி எதுவும் வராத வெற்றுச் சாலையில் மிதமான வேகத்தில் ‘என்’ (நியூட்ரல்) கியருக்கு மாற்றிச் சில தடவை பிரேக் போடுங்கள். டொயோட்டா ஹைப்ரிட்களில் ‘என்’ கியரில் மோட்டார் மின்சாரம் எடுக்காது, முழு வேலையையும் பேட்களே செய்யும். பேட் 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றும் நேரம்.

மாற்றும்போது ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். பல ஹைப்ரிட்களில் பிரேக் அழுத்தத்தைத் தருவது ஒரு மின்சாரப் பம்ப். டிரைவர் கதவைத் திறந்தாலே அது ஓடி அழுத்தத்தைத் தயார் செய்யும். நீங்கள் காலிப்பரைக் கழற்றி வைத்திருக்கும்போது அப்படி நடந்தால் பிஸ்டன் வெளியே வந்துவிடலாம், விரல் சிக்கலாம். எனவே கார் அணைந்து, சாவி தூரத்தில், கதவுகள் மூடி, கொஞ்ச நேரம் சும்மா விட்டு, 12 வோல்ட் நெகட்டிவைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். மின்சார ஹேண்ட் பிரேக் உள்ள காரில் பின் பேட்டுக்கு அதற்கான சர்வீஸ் மோடில் போட வேண்டும். பிஸ்டனைத் தள்ளும்போது மேலே பிரேக் ஆயில் டேங்க் வழிகிறதா என்று பாருங்கள். முடித்ததும் காரை நகர்த்துவதற்கு முன்னால் பெடலைப் பல தடவை மிதித்து அது கெட்டியாக நிற்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.

பிரேக் ஆயில் மாற்றுவதை மட்டும் ஒர்க்‌ஷாப்புக்கு விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை கட்டாயம் மாற்ற வேண்டும், ஏனென்றால் அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஆனால் ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் நிப்பிளைத் திறக்கும் பழைய முறை இங்கே பல மாடல்களில் போதாது. பம்பையும் வால்வுகளையும் கம்ப்யூட்டர் கருவி வழியாக இயக்கித்தான் காற்றை எடுக்க வேண்டும். நடுவில் காற்று புகுந்துவிட்டால் வீட்டிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு போகவும் முடியாது.

ஏசி வாயுவையும் அதே பட்டியலில் சேருங்கள். பெரும்பாலான முழு ஹைப்ரிட்களின் ஏசி கம்ப்ரசர் பெரிய பேட்டரியின் மின்சாரத்தில் ஓடுகிறது, மோட்டாரின் சுருள்கள் குளிர்பதன ஆயிலிலேயே நனைந்திருக்கும். அதற்கு மின்சாரம் கடத்தாத எஸ்டர் வகை ஆயில், டென்சோவில் என்டி-11, போடுகிறார்கள். சாதாரண காருக்கான பிஏஜி ஆயில் கொஞ்சம் கலந்தாலும் காப்புத்திறன் கெட்டு, பாடிக்கு மின்சாரம் கசிவதாகக் கார் எச்சரித்து நின்றுவிடும். கடையில் கிடைக்கும் வாயு டப்பாக்கள் பலவற்றில் அந்த ஆயில் கலந்தே வருகிறது. ஒர்க்‌ஷாப்புக்குக் கொடுக்கும்போதும் ஹைப்ரிட்டுக்குத் தனி மெஷின் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

உங்களுடையது 2010 முதல் 2015 வரையிலான 1.8 லிட்டர் பிரியஸ் என்றால் இஜிஆர் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அந்த என்ஜின்களில் புகையைத் திரும்ப உள்ளே அனுப்பும் இஜிஆர் கூலரிலும் இன்டேக் மேனிஃபோல்டின் சின்னத் துளைகளிலும் கரி அடைத்துக்கொள்கிறது. சிலிண்டர்களுக்குச் சமமாகப் புகை போகாமல், சூடு கூடி, நாளடைவில் ஹெட் கேஸ்கட் போகும். காலையில் முதல் தடவை என்ஜின் எழும்போது கார் கடகடவென்று உதறுவதும், கசிவே தெரியாமல் கூலன்ட் குறைவதும் அதன் அடையாளங்கள். உதறல் தொடங்கும் முன்பே, லட்சம் கிலோமீட்டரை ஒட்டி, கூலரையும் மேனிஃபோல்டையும் கழற்றிச் சுத்தம் செய்வது நல்ல முதலீடு. கருவியும் ஒரு முழு நாளும் இருந்தால் வீட்டில் செய்யலாம். முதல் தடவை என்றால் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

காரைத் தூக்கும்போது ஜாக்கை அதற்கென்று குறித்த இடத்தில் மட்டும் வையுங்கள். தரைக்கு அடியில் முன்னிருந்து பின்னுக்கு ஆரஞ்சு கேபிள் ஓடும். சில மாடல்களில் மூடி போட்டு மறைத்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. ஜாக் மட்டும் போதாது, ஸ்டாண்ட் வைக்காமல் அடியில் போகாதீர்கள். என்ஜின் அறையை அதிக அழுத்தத் தண்ணீரால் கழுவ வேண்டாம், ஈரத்துணி போதும். காரை இழுத்துக்கொண்டு போக வேண்டி வந்தால் ஓட்டும் சக்கரங்கள் தரையில் உருளக்கூடாது. அவை சுழன்றால் உள்ளே மோட்டார் மின்சாரம் உற்பத்தி செய்யத் தொடங்கிவிடும்.

உங்களுடையது பிரியஸ் மாதிரி முழு ஹைப்ரிட் இல்லாமல் 48 வோல்ட் மைல்டு ஹைப்ரிட் (மோட்டார் என்ஜினுக்குத் துணை மட்டும் செய்வது) என்றால் இவற்றில் பல பொருந்தாது. நேர்மின்சாரத்தில் 60 வோல்ட்டுக்கு மேல்தான் வாகன விதிகள் உயர் மின்னழுத்தம் என்று கணக்கிடுகின்றன, 48 அதற்குக் கீழே. ஆனால் அவற்றில் பலவற்றில் ஸ்டார்ட்டர்-ஜெனரேட்டரை ஓட்டுவது ஒரு பெல்ட். சாதாரண பெல்ட்டைவிட அது அதிகம் உழைக்கிறது, அதில் வெடிப்பு இருக்கிறதா, டென்ஷனர் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள்.

கருவிகளில் ஒன்று மட்டும் புதிதாக வாங்கச் சொல்வேன்: காரின் கம்ப்யூட்டர் தகவலைப் படிக்கும் ஓபிடி புளூடூத் ரீடர். போனில் அதற்கான ஆப் போட்டால் பெரிய பேட்டரியின் ஒவ்வொரு பிளாக்கின் வோல்ட்டும், சூடும், ஃபேன் வேகமும் தெரியும். இரண்டாம், மூன்றாம் தலைமுறை பிரியஸில் இரண்டு மாட்யூல் சேர்ந்து ஒரு பிளாக், மொத்தம் 14. மேட்டில் ஏறும்போது 14-ம் சேர்ந்து இறங்கி, சேர்ந்து ஏற வேண்டும். ஏதோ ஒன்று மட்டும் ஒவ்வொரு தடவையும் தனியாகக் கீழே விழுந்தால் அது பலவீனமாகிறது என்று அர்த்தம். இப்போதே ஒரு தடவை எடுத்துத் தேதி போட்டுச் சேமித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் உதவும். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் பிழைக் குறியீட்டைப் படித்து எழுதி வைக்காமல் அழிக்காதீர்கள். ஒர்க்‌ஷாப்காரருக்கு அந்த எண்தான் முதல் தடயம்.

என்ஜின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய சோதனைகளும் உண்டு, உதாரணமாகப் புகைச் சோதனை. அதற்கு டொயோட்டா ஒரு வழி வைத்திருக்கிறது. பிரேக்கைத் தொடாமல் பட்டனை இரண்டு தடவை அழுத்தி ஐஜி ஆன் நிலைக்கு (மீட்டர் எரியும், ரெடி விளக்கு எரியாது) வாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் ‘பி’-யில் (பார்க்) ஆக்சிலரேட்டரை இரண்டு தடவை முழுதாக அழுத்தி, ‘என்’-னுக்கு மாற்றி இரண்டு தடவை, மறுபடி ‘பி’-யில் இரண்டு தடவை. பிறகு பிரேக்கை மிதித்துப் பட்டனை அழுத்தினால் என்ஜின் நிற்காமல் ஓடும். பழைய பிரியஸ் தலைமுறைகளில் இது பொருந்தும். இந்த நிலையில் காரை ஓட்டக்கூடாது, திறந்த வெளியில் மட்டும் செய்யுங்கள்.

இத்தனைக்கும் முன்னால், இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று. சேசிஸ் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு, திரும்ப அழைத்த வேலைகள் ஏதாவது செய்யாமல் விடுபட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். 2012-இல் டொயோட்டா இன்வெர்ட்டர் தண்ணீர் பம்புக்காக ஒரு தடவையும், 2014 பிப்ரவரியில் இன்வெர்ட்டர் மென்பொருளுக்காகச் சுமார் 19 லட்சம் பிரியஸ்களையும் திரும்ப அழைத்திருக்கிறது. முந்தைய உரிமையாளர் அந்தக் கடிதத்தைக் கவனிக்காமல் விட்டிருக்கலாம். அந்த வேலைகளுக்குத் தயாரிப்பாளர் பணம் வாங்குவதில்லை. நீங்கள் வாங்க நினைக்கும் பம்ப் ஏற்கெனவே உங்களுக்கு வர வேண்டியதாக இருக்கலாம்.